பன்னிரண்டு முறை ஏற்கப்பட்ட விண்ணப்பம்

எங்கள் ஊருக்குப் பெட்டி வருவதற்கு முன்னால் மூன்று ஜீப்புகள் வந்தன. முதல் ஜீப்பில் பெட்டியை எங்கே வைப்பது என்று பார்ப்பவர்கள், இரண்டாவதில் அவர்கள் சரியாகப் பார்த்தார்களா என்று பார்ப்பவர்கள், மூன்றாவதில் இரண்டு தரப்புக்குமான சாப்பாடு. பழைய விதைக் கிடங்கு தேர்வானது. அதற்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் மாட்டினார்கள். உள்ளே இருந்த விதை எங்கே போயிற்று என்று கேட்ட விவசாயிகளிடம், விதையைப் பற்றிய தகவல் முழுவதும் பெட்டியில் கிடைக்கப்போகும்போது விதை எதற்கு என்று ஒரு அதிகாரி திருப்பிக் கேட்டார்.

பெட்டியின் முழுப்பெயர் ஊரக ஒருங்கிணைந்த எண்ணியல் சேவை வழங்கு முனையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், 'முனையம்' என்ற சொல் மட்டும் பக்கத்து மாட்டுக்கொட்டகையின் சுவரில் போய் நின்றது. ஊர் சுருக்கமாகப் பெட்டி என்றே சொன்னது. ஆளுயர வெள்ளைப் பெட்டி. நெஞ்சளவில் ஒரு திரை, இடுப்பளவில் ரசீது வெளியே வரும் வாய். அதைப் பார்த்துக்கொள்ள, அதே கிடங்கில் இருபது வருடம் விதை அளந்துகொண்டிருந்த மனிதரையே மூன்று நாள் பயிற்சி கொடுத்து 'அறிவு ஒருங்கிணைப்பாளர்' ஆக்கினார்கள். அவர் பெட்டிக்காரர் ஆனார். நல்ல மனிதர். பயந்தவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அரசாங்கத்துக்கு ரொம்ப வசதி.

பெட்டிக்கு நேர் எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பஞ்சர்க்காரரின் கடை இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கூரை, காற்றடிக்கும் பம்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. ட்யூபை உப்பவைத்துத் தண்ணீருக்குள் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார். தொட்டியில் அமுக்கிப் பார்க்காமல் ஓட்டை இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றரை மாதம் ஏமாந்தார் என்றால், மகள்மேல் வைத்த ஆசைதான் காரணம். ஆசை வந்துவிட்டால் யாருக்கும் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வருவதில்லை.

மகள் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் இந்த ஊரில் இதுவரை யாரும் வாங்காத மதிப்பெண் வாங்கியிருந்தாள். நர்ஸ் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பத்து வயதிலிருந்து அப்பாவின் கையில் ஏறிய டயர்க் கம்பிகளைப் பிடுங்கி, மருந்து வைத்துக் கட்டி, "அசைக்காதீங்கப்பா" என்று அதட்டியே பழகியவள். டவுனில் அரசு செவிலியர் கல்லூரி இருந்தது. கிராமத்து மாணவிகள் விண்ணப்பிக்க இரண்டே வழி என்று கல்லூரியின் அறிவிப்பு சொன்னது. ஊரில் உள்ள முனையத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் கல்லூரிக் கவுண்ட்டருக்கு நேரில் வந்து காகிதத்தில் கொடுக்கலாம். கடைசி நாள், கடைசி நேரம் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

டவுன் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். எதிர்ச்சாரியில் அரசாங்கமே பெட்டியை வைத்துவிட்டுக் காத்திருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று நினைத்தார் பஞ்சர்க்காரர். அன்றைக்கு மட்டும் அலைந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பெட்டியின் கதவில் 'கைகளைச் சுத்தமாகக் கழுவிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதியிருந்தது. அவர் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்துவிட்டு, மகளின் சான்றிதழ்களோடு உள்ளே போனார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நடுவில் திட்டத்தின் இயக்குநர். தலைநகரத்திலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பெட்டியைக் காட்ட வந்திருந்தார்.

"யாரு இவரு?" என்றார் இயக்குநர்.

"பொண்ணுக்கு விண்ணப்பம் போட வந்திருக்காரு சார்," என்றார் பெட்டிக்காரர்.

"அசல் பயனாளியா? தானாவே வந்தாரா?"

"ஆமா சார்."

"யாரும் வண்டி வச்சுக் கூட்டிட்டு வரலையே?"

"இல்ல சார். எதிர்க் கடைதான்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. இந்தத் திட்டத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறார். ஒரு பயனாளியை நேரில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. தொட்டுக்கூடப் பார்த்தார். ஆனால் புகைப்படக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"கை ரொம்ப சுத்தமா இருக்கு சார். பார்த்தா நம்ம ஆபீஸ் ஆளு மாதிரியே தெரியறாரு."

உடனே பஞ்சர்க்காரரைக் கடைக்குத் திருப்பி அனுப்பி, செயின் மசகை முழங்கைவரை பூசிக்கொண்டு வரச்சொன்னார்கள். அவரும் பூசிக்கொண்டு வந்தார். கதவில் இருந்த அறிவிப்பை ஒருவர் முதுகால் மறைத்துக்கொண்டார். பஞ்சர்க்காரர் பெட்டிக்காரர் காட்டிய இடங்களில் எல்லாம் கறுப்பு விரலால் தொட்டார். மகளின் பெயர், மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் உள்ளே போயின. திரையில் வண்ண வண்ணமாகப் பூக்கள் கொட்டின. ஒரு இசை வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று ஒரு பெண்குரல் தேன் தடவிச் சொன்னது. ரசீது வெளியே வந்தது. இயக்குநர் அதை லாவகமாகக் கிழித்து, வந்திருந்த விருந்தாளிகளில் மூத்தவருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார்.

"சார், ரசீது எனக்கில்லையா?" என்று கேட்டார் பஞ்சர்க்காரர்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தான் வேலையே முடிஞ்சுபோச்சே. பாவம், அவங்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்காங்க."

நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காற்றடித்துக்கொண்டே "நம்ம பொண்ணு நர்ஸ் ஆயிட்டா" என்றார். இன்னும் கல்லூரியில் காலே வைக்கவில்லை என்று மனைவி திட்டினார். ஆனால் திட்டும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் இயக்குநரின் ஜீப் கடை வாசலில் நின்றது. இன்னொரு கூட்டம் வருகிறதாம். இன்னொரு தடவை விண்ணப்பம் போட வேண்டுமாம்.

"ஏற்கெனவே போட்டாச்சே சார். திரும்பப் போட்டா தப்பாகிடாதா?"

"தப்பா? உறுதியாகும்! ஆணிய ஒரே அடி அடிச்சுட்டு விட்டுடுவீங்களா?"

பஞ்சர்க்காரருக்கு ஆணியைப் பற்றித் தெரியும். வேறு கோணத்திலிருந்து தெரியும் என்றாலும், இயக்குநர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. போனார், மசகு பூசிக்கொண்டு தொட்டார், பூக் கொட்டியது. ரசீது ஒரு பேராசிரியருக்குப் போனது.

அதன் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெட்டியை ஆராய வந்தார்கள், பெட்டியை ஆராய்ந்தவர்களைப் பேட்டி காண வந்தார்கள். வேறு மாகாணத்து அதிகாரிகள் தங்கள் ஊர்களிலும் இப்படி ஒன்று வைக்கலாமா என்று பார்க்க வந்து, பெட்டியைவிடக் குளிர்சாதனத்தைப் பற்றியே அதிகம் கேட்டார்கள். ஒன்பதாவது கூட்டம், முந்தைய எட்டுக் கூட்டங்களையும் எப்படி வரவேற்றார்கள் என்று ஆராய வந்தது. பஞ்சர்க்காரர் ஒவ்வொரு தடவையும் தொட்டார். ஒருநாள் கடையில் வேலையே இல்லை, மசகு தீர்ந்திருந்தது. பெட்டிக்காரர் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை நீட்டினார். 'பயனாளிக் கரி, அரசு உபயோகத்துக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

ஊர்க்காரர்கள் யாரும் பெட்டியைப் பயன்படுத்தவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பயன்படுத்த வந்தார்கள். திங்கட்கிழமை பெட்டியைத் துடைக்கிற நாள். செவ்வாய் ஒத்திகை. புதன் வியாழன் பார்வையாளர்கள். வெள்ளி, பார்வையாளர்கள் வந்துபோனதைப் பற்றி அறிக்கை எழுதுகிற நாள். சனி, ஞாயிறு அரசு விடுமுறை. நில ஆவண நகல் கேட்டு வந்த செங்கல் சூளை அக்காவிடம் பெட்டிக்காரர் இதை விளக்கினார். அப்படியானால் மக்களுக்கு எந்த நாள் என்று அந்த அக்கா கேட்டது. பெட்டிக்காரர் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். "மக்கள்னு தனியா ஒரு நாள் போடலக்கா," என்றார் வருத்தமாக.

கடைசி நாள் வந்தது. அன்று காலை மகள் ஒரு செய்தியோடு வந்தாள். அவளோடு படித்த வேறு ஊர்ப் பெண் ஒருத்தி நேரில் போய் விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு விண்ணப்பம் கிடைத்ததாகக் கல்லூரியிலிருந்து ஒரு எண் போட்டுக் கடிதம் வந்துவிட்டதாம்.

"நம்மளோட நம்பர் என்னப்பா?"

"நாலாயிரத்து நானூத்து நாலு," என்றார் பஞ்சர்க்காரர். ரசீது கையில் இல்லாவிட்டாலும், வெளியே வரும்போது எண்ணைப் பார்க்காமல் இருப்பாரா?

"அது எத்தனாவது தடவை வந்தது?"

"எல்லாத் தடவையும் அதேதான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். "பதினோரு தடவை போட்டா பதினோரு நம்பர்ல வரணும். இல்ல, முதல் தடவைக்கு அப்புறம் போட முடியாதுன்னு சொல்லணும். ரெண்டும் இல்லாம ஒரே நம்பர் எப்படிப்பா வரும்?"

பஞ்சர்க்காரருக்கு அப்போதுதான் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. பதினோரு தடவை பெட்டியைத் தொட்டிருக்கிறார். ஒரு தடவைகூட அதைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கவில்லை. இருவரும் சாலையைத் தாண்டிப் பெட்டிக்காரரிடம் ஓடினார்கள். அவர் அன்றைய பெரிய விழாவுக்காகப் பெட்டியின் தலையில் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார். மகள் எண்ணைப் பற்றிக் கேட்டதுமே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, உங்ககிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். இது காட்சி முறை."

"அப்படின்னா?"

"பார்வைக்கு மட்டும். இணைப்பு இன்னும் வரல. கேபிள் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சு. யார் எதைப் போட்டாலும் பூக் கொட்டும், வாழ்த்துச் சொல்லும். வெளிய எங்கயும் போகாது."

"என் பொண்ணு விண்ணப்பம்?"

பெட்டிக்காரர் பெட்டியின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ளயேதான் இருக்கு அண்ணே. பதினொண்ணும்."

அடித்திருப்பார். கையை ஓங்கியும்விட்டார். எதிரே நின்ற மனிதரின் கையில் பசையும் காகிதப் பூவும் இருந்ததைப் பார்த்ததும் கை தானாகவே இறங்கிவிட்டது. இன்றைக்கு மாலை ஐந்து மணிவரை கவுண்ட்டர் இருக்கும் என்று மகள் சொன்னாள். பதினொன்றரை மணிக்கு டவுன் பஸ். அம்மாவும் மகளும் சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். பஞ்சர்க்காரரும் ஏறப் போனார். அதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். வெளிநாட்டுக் குழு வருகிறது, நிகழ்ச்சி முடியும்வரை எந்த வண்டியும் நகரக்கூடாது.

பஞ்சர்க்காரர் போலீஸ்காரரிடம் கெஞ்சினார். "நிகழ்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, பாதுகாப்புதான் என் வேலை. அவர்கிட்ட கேளுங்க," என்று போலீஸ்காரர் இயக்குநரைக் காட்டினார். பஞ்சர்க்காரர் இயக்குநரிடம் ஓடினார். "பாதுகாப்பு என் துறை இல்லீங்க. அவங்ககிட்ட கேளுங்க," என்று இயக்குநர் போலீஸைக் காட்டினார். பஸ்ஸிலிருந்து நடத்துநர் தலையை நீட்டி, "ஏறி உட்காருங்கம்மா, இதோ விட்டுடுவாங்க" என்று, இதுபோன்ற சமயங்களில் நடத்துநர்கள் சொல்வதைச் சொன்னார்.

"நான் விழாவுக்கு வரல சார்," என்றார் பஞ்சர்க்காரர். "எனக்கு மனசு சரியில்ல."

இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். "யோசிச்சுப் பாருங்க. ரோடு எப்பத் திறக்கும்? விழா முடிஞ்சாத் திறக்கும். விழா எப்ப முடியும்? ஆரம்பிச்சாத்தான் முடியும். எப்ப ஆரம்பிக்கும்? பயனாளி வந்தா ஆரம்பிக்கும். ஆக, ரோடு உங்க கையிலதான் இருக்கு."

ஒன்றரை மாதத்தில் இயக்குநர் சொன்ன முதல் உண்மை அது. பஞ்சர்க்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். இரண்டே முக்காலுக்குள் பஸ் கிளம்பிவிட்டால் ஐந்து மணிக்குள் கவுண்ட்டரில் நிற்கலாம். கையில் கரியை அவரே பூசிக்கொண்டார்.

பன்னிரண்டே காலுக்குக் குழு வந்தது. தலைமை தாங்கிய வெளிநாட்டு அம்மையார் கண்ணாடி போட்டவர், எதைப் பார்த்தாலும் குறிப்பு எழுதுகிறவர். பக்கத்தில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல இயக்குநரின் துறை ஆள் ஒருவர். பஞ்சர்க்காரரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கண்ணாடிக் கதவு வழியே பஸ் தெரிந்தது. மூன்றாவது சன்னலில் மகளின் முகம் தெரிந்தது.

இயக்குநர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, ஒரு காலத்தில் மக்கள் அதிகாரிகளைத் தேடி வந்தார்கள். அதிகாரிகள் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அது அதிகாரிகளுக்கு எவ்வளவு மனவேதனை! இன்று அந்த வேதனை இல்லை. இந்த இயந்திரம் நிறுவப்பட்ட நாளிலிருந்து ஒருவரைக்கூட இல்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. யார் எதைக் கேட்டாலும் வாழ்த்துகிறது. எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று சிலர் குறுகிய மனதோடு கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், நானூற்று முப்பது பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஊரின் மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது! இப்படியே போனால், மக்கள் இல்லாமலேயே ஒரு கிராமத்துக்குச் சேவை செய்ய முடியும் என்பதை உலகுக்கு நாம் நிரூபிப்போம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவருக்கு மேலே உள்ளவர் பேசினார், அவருக்குக் கீழே உள்ளவர் பேசினார், குளிர்சாதனம் மாட்டியவர் பேசினார். ஒன்றே முக்காலுக்குப் பயனாளியைக் கூப்பிட்டார்கள். பஞ்சர்க்காரர் காத்திருக்கவில்லை. பெயர், மதிப்பெண், தேதி என்று ஒரு நிமிடத்தில் மடமடவென்று தொட்டுத் தள்ளிவிட்டார். பூக் கொட்டி முடிப்பதற்குள் "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று கும்பிட்டார். அவருடைய கைத்திறனைக் கண்டு வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு கிராமத்து மனிதருக்கு இவ்வளவு வேகமான பயிற்சியா என்று கேட்டு, இன்னொரு தடவை மெதுவாகச் செய்து காட்டச் சொன்னார்கள்.

அதோடு அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தப் பெட்டி என் பொண்ணுக்குப் பன்னெண்டு தடவை சீட்டுக் கொடுத்துடுச்சுங்க," என்றார் உரக்க. "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். நிஜமா ஒண்ணு."

இயக்குநர் இருமினார். மொழிபெயர்ப்பவர் ஒரு கணம் இயக்குநரைப் பார்த்தார், பிறகு வெளிநாட்டு மொழியில் நிறைய நேரம் பேசினார். பஞ்சர்க்காரர் சொன்னதைவிட நான்கு மடங்கு பேசினார். முடித்ததும் குழு எழுந்து நின்று கைதட்டியது. அம்மையார் ஏதோ கேட்டார்.

"பன்னெண்டுல ஒண்ணு போதும்னு சொன்ன உங்க பெருந்தன்மை அவங்களை உருக்கிடுச்சாம்," என்றார் மொழிபெயர்ப்பவர். "மீதி பதினொண்ணையும் யாருக்குக் கொடுத்தீங்கன்னு கேக்கறாங்க."

"எனக்கே ஒண்ணும் வரலைங்க! எல்லாம் இதுக்குள்ளயேதான் கிடக்கு! இது வெறும் பெட்டி!"

மறுபடி நீண்ட மொழிபெயர்ப்பு. அம்மையார் குறிப்பு எழுதினார். இன்னும் மூன்று கேள்விகள் கேட்டார். எல்லாவற்றையும் பாதுகாப்பாக உள்ளேயே சேமித்து வைக்கிறதா, எவ்வளவு நாள் வைத்திருக்கும், மற்ற ஊர்க்காரர்களின் கருத்து என்ன? இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அருமையான கேள்விகள்! இதற்காகவே ஒரு திறந்த கலந்துரையாடல் வைத்துவிடுவோம். ஒரு மணி நேரம் போதுமா?" என்றார். நாற்காலிகளை வட்டமாகப் போட ஆரம்பித்தார்கள்.

கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடம் காட்டியது. பஞ்சர்க்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டிக்காரர் காகிதப் பூவைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, குறை சொன்னீங்கன்னா கேள்வி வரும். கேள்வி வந்தா கூட்டம் முடியாது. எனக்கு இருபது வருஷ அனுபவம். நல்லா இருக்குன்னு சொல்லுங்க, எழுந்து போயிடுவாங்க."

"பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"பஸ்ஸப் பாருங்க அண்ணே."

பார்த்தார். மகள் சன்னலில் கன்னத்தை வைத்துப் பெட்டி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சர்க்காரர் வட்ட நாற்காலிகளின் நடுவில் போய் நின்றார். காமிராக்காரர் ஓடிவந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் அவர் பேசிய முதல் மேடைப் பேச்சு அது. அவ்வளவு நன்றாக வரும் என்று அவரே நினைக்கவில்லை.

"ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பெட்டி எங்களுக்குக் கிடைச்சது நாங்க செஞ்ச புண்ணியம். கேட்டதெல்லாம் கிடைச்சுது. ஒரு குறையும் இல்ல. சந்தேகமும் இல்ல, கேள்வியும் இல்ல. இனிமே எங்க ஊர்ல யாரும் எதுக்காகவும் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டியதில்ல. அவ்வளவுதான். எல்லாரும் சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதற்காக வந்தது என்று அவருக்குத் தெரியும், காமிராவுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பவருக்கு இந்தத் தடவை ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அம்மையார் குறிப்புப் புத்தகத்தை மூடினார். கேட்க ஒன்றுமே இல்லாமல் போனதால் குழு எழுந்து நின்றது.

இயக்குநர் மட்டும் உட்கார்ந்தபடியே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து, உதவியாளரிடம் ஒரு தாள் வாங்கினார்.

"ஒரு பயனாளியே சொன்ன பிறகு நான் தாமதிப்பது தர்மமில்லை. இந்த ஊரை இந்த நிமிடம் முதல் முழு எண்ணியல் ஊராக அறிவிக்கிறேன். இதோ, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்திடுகிறேன்."

அந்த அறிவிப்பு என்ன ஏது என்று பஞ்சர்க்காரர் கேட்கவில்லை. கையெழுத்து என்றால் விழா முடிந்தது என்று அர்த்தம் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. எல்லோருக்கும் முன்னால் கைதட்டியவர் அவர்தான். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவரும் அவர்தான்.

இரண்டு நாற்பதுக்குக் கயிறு அவிழ்ந்தது. பஞ்சர்க்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது; அவர் சாலையோரம் நின்று கரிக் கையை ஆட்டினார். மகளும் ஆட்டினாள். அவருக்கு அன்று முழுவதும் இல்லாத நிம்மதி. பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து குழுவின் கார்கள் ஒலி எழுப்பின. பஸ் ஓரமாக ஒதுங்கி அவற்றுக்கு வழிவிட்டது. அந்தக் கார்களுக்குச் சொந்தமாக இணைப்பு இருந்தது. இயக்குநரின் உதவியாளர் காரில் உட்கார்ந்தபடியே உத்தரவை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பிவிட்டார். துறை தொடங்கிய நாளிலிருந்து எந்த உத்தரவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

நான்கே முக்காலுக்கு அம்மாவும் மகளும் டவுன் பஸ் நிலையத்தில் இறங்கி ஓடினார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது; "நீ போடி, நான் வர்றேன்" என்று பையைக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பின்னால் வந்தார். கவுண்ட்டரில் மகளுக்கு முன்னால் யாரும் இல்லை. உள்ளே ஒரு எழுத்தர் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கனிவான முகம்.

"வாம்மா, கடைசி நிமிஷத்துலயா வருவாங்க? பரவாயில்ல, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கொடு." சான்றிதழ்களைப் புரட்டினார். மதிப்பெண்ணைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "அடேயப்பா. இந்த மார்க்குக்கு உனக்கு முதல் பேரா சீட்டு வரும்மா. எந்த ஊரு?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எழுத்தர் அதைத் திரையில் அடித்தார். அடித்துவிட்டு, சான்றிதழ்களை மெதுவாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவள் பக்கமாகத் தள்ளினார்.

"உங்க ஊருக்குப் பேப்பர் கிடையாதும்மா. முனையத்துலதான் போடணும்."

"ரெண்டு வழி இருக்குன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே சார்."

"காலையில வரைக்கும் இருந்துது. மூணு மணிக்குப் புது உத்தரவு வந்திருக்கு. உங்க ஊரு முழு எண்ணியல் ஊராம். அங்கிருந்து காகிதம் வாங்கினா என் வேலை போயிடும்."

"அந்தப் பெட்டி வேலை செய்யல சார். அதுல போட்டா எங்கயும் போகாது. சத்தியமாச் சொல்றேன்."

"நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாதும்மா," என்றார் எழுத்தர். அவருக்கு உண்மையாகவே அவள்மேல் இரக்கம். "உத்தரவோட படமும் அனுப்பியிருக்காங்க. உங்க ஊர்க்காரரே சொல்றாரு, நீயே பாரு."

திரையைத் திருப்பினார். முழங்கைவரை கரி பூசிய ஒரு மனிதர், கண்ணில் நீர் மல்க, இனிமேல் எங்கள் ஊரில் யாரும் எதற்காகவும் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காமிராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், கொஞ்சம் மேலே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எதை என்று மகளுக்குத் தெரியும்.

அதற்குள் அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு பேரும் படத்தை முடியும்வரை பார்த்தார்கள்.

"என்னம்மா, அப்படியே நின்னுட்ட? அவரைத் தெரியுமா?" என்று கேட்டார் எழுத்தர்.

"எங்கப்பா," என்றாள்.

எழுத்தரின் முகம் பிரகாசமாகிவிட்டது. "உங்கப்பாவா? என்னமாப் பேசறாரு! நாங்க ஆபீஸே மொத்தமா உட்கார்ந்து ரெண்டு தடவை பார்த்தோம். கொடுத்துவச்ச பொண்ணும்மா நீ," என்று மனதாரச் சொல்லிவிட்டு, மணி ஐந்தாகிவிட்டதால் சன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.